தரிசு உளுந்தும் டயர் தடமும்

வேளாண் நிதிநிலை அறிக்கையைத் தயாரிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு 12 மா நிலம் இருக்கிறது. பட்டாவில் நான்கு ஏக்கர். சம்பா ஒரு போகம், அது முடிந்ததும் உளுந்து. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் ஒழுங்காக வந்துவிட்டால் குறுவையும் உண்டு. இதை நம்பித்தான் வீடு ஓடுகிறது என்று சொன்னால் பொய். டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பழக்கம் வயலுக்கும் வந்துவிட்டது. அதனால் இந்த மடலில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயிகள் கூட்டம் நடந்தது. ‘பாதுகாப்பு வேளாண்மை’ என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். மூன்று விதி: மண்ணை முடிந்தவரை கிளறக் கூடாது, தரையை வெறுமையாக விடக் கூடாது, ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்கக் கூடாது. ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு சொல்வதும் இதுதான். தரையில் 30 சதவீதமாவது அறுத்த பயிரின் தாளோ சருகோ மூடியிருக்க வேண்டும் என்று அளவும் வைத்திருக்கிறது. அடுத்து பிரேசில் படம். பரானா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, மழை தன் மண்ணை அரித்துக்கொண்டு போவதைப் பார்க்கப் பொறுக்காமல் 1972-ல் உழாமல் விதைக்கத் தொடங்கிய கதை. நல்ல கதைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் காதோரம் கேட்டார்: “ஏன் தம்பி, இவரு சொல்றது நம்ம தரிசு உளுந்தைத்தானே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

தரிசு உளுந்து என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் டெல்டாக்காரர்கள் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். தை பிறக்கும்போது சம்பா பழுத்து நிற்கும். தண்ணீரை வடித்துவிட்டு, சேறு மெழுகு பதத்துக்கு வரக் காத்திருப்போம். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், சேறு காலோடு ஒட்டிக்கொண்டு வரக் கூடாது, அதுதான் பதம். அறுவடைக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்போம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ. நெல் அறுக்கிற அன்று உளுந்து முளைத்து இலை விரித்திருக்கும். அறுப்பு ஆட்களின் கால் பட்டுச் சாய்ந்தாலும் மறுநாள் நிமிர்ந்துவிடும். அரை அடித் தாள் அதற்கு நிழல். உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை, அடியுரம் இல்லை. சம்பா விட்டுப்போன ஈரமும் மாசிப் பனியும்தான். பூக்கும்போது இரண்டு சத டிஏபி உரக் கரைசல் தெளித்தால் அது கூடுதல் கவனிப்பு. எழுபது நாள் வாக்கில் செடியைப் பிடுங்கிக் களத்தில் போடலாம். இந்தத் தரிசுக்கு ஏற்றதென்று வந்த ஆடுதுறை 3 உளுந்துதான் எங்கள் வீட்டில் வெகுகாலம் தெளித்தது.

உழவில்லை, தாள் மூடாக்கு, நெல்லுக்குப் பின் பயறு. திரையில் காட்டிய மூன்றும் ஒரே வயலில் இருந்தன.

சம்பாவுக்குச் சேடை ஓட்டி மண்ணைக் கலக்குகிறோமே, அது எப்படி உழாத விவசாயம் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். பாதி வருடம் கலக்கினோம், பாதி வருடம் சும்மா விட்டோம். அந்தப் பாதியும் இப்போது கைவிட்டுப் போகிறது என்பதுதான் என் புகார்.

போனது யாருடைய சோம்பேறித்தனத்தாலும் இல்லை. அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. அறுவடை வண்டி வந்தது. அரிவாளுக்குத் திரும்பச் சொல்கிற ஆள் நான் இல்லை. அம்மாவின் முதுகுவலி அந்தக் காலத்து மிச்சம். ஆனால் வண்டி என்ன செய்கிறது என்று வயலில் நின்று பாருங்கள். மெழுகு பதத்தில் இருக்கிற வயலில், முளைத்த உளுந்தின் மேல் பல டன் எடையோடு ஏறுகிறது. டயர் வண்டியாக இருந்தால் முழங்கால் வரை இறங்கும் பள்ளம். வைக்கோலை ஒரே வரிசையாகக் கொட்டிக்கொண்டு போகும். அதற்கு அடியில் இருக்கும் முளை மஞ்சளாகிச் செத்துப்போகும். நெல் ஏற்ற ட்ராக்டர் வரும். அப்புறம் வைக்கோல் கட்டும் மெஷின், கட்டுகளை ஏற்ற இன்னொரு ட்ராக்டர். நான்கு முறை மிதித்த பிறகு, உளுந்து போட்ட செலவு மட்டும்தான் மிச்சம்.

இதற்குப் பயந்து சிலர் அறுவடை முடிந்த பிறகு ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடால் மண்ணைத் தூளாக்கும் ட்ராக்டர் கருவி) போட்டு விதைக்கிறார்கள். கிளறிய மண்ணில் ஈரம் இரண்டு வெயிலுக்குத் தாங்காது. அதனால் போர்வெல் உள்ளவர்கள் பாய்ச்சுகிறார்கள், இல்லையென்றால் கோடைப் பருத்திக்குப் போகிறார்கள், இரண்டும் முடியாதவர்கள் வயலைச் சும்மா போட்டுவிடுகிறார்கள். செலவில்லாமல் வந்த பயிர் இப்படித்தான் செலவு பிடிக்கிற பயிராக ஆனது.

நானும் மூன்று வருடம் ரோட்டவேட்டர் ஓட்டியவன்தான். பிறகு 2022 தையிலிருந்து வாய்க்காலை ஒட்டிய 3 மாவை மட்டும் தனியாக வைத்துக்கொண்டேன். அறுவடைக்கு முதல் நாள் உளுந்து தெளிப்பது, முளைக்காத விதையை வண்டி நசுக்காது என்பதால். விதையைப் பத்துக்குப் பதில் பதினைந்து கிலோவாகக் கூட்டுவது. பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற அறுவடை வண்டி, கிடைத்தால் மட்டும் அறுப்பது. வைக்கோல் வரிசையைக் கவைக்கோலால் தட்டிப் பரப்பிவிடுவது. மற்ற 9 மாவில் ஊரோடு ஒத்து.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இரண்டு இடத்திலும் குழி தோண்டினேன். ரோட்டவேட்டர் வயலில் மேலே நான்கு விரல் உயரத்துக்கு மண் மாவாட்டம் இருந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி ‘ணங்’ என்றது. கையால் பெயர்த்தால் தோசை தோசையாக வந்தது. அந்தத் தளத்தில் முட்டிய உளுந்தின் ஆணிவேர், விரித்த கட்டைவிரலும் சுட்டுவிரலும் போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. வாய்க்கால் வயலில் பழைய நெல் வேர் மக்கிப்போன துளைகள் அப்படியே இருந்தன, ஊசி குத்திய மாதிரி. உளுந்து வேர் ஒன்று அந்தத் துளைக்குள் புகுந்து நேராக இறங்கியிருந்ததைப் பார்த்தேன். மண்ணைக் கையில் எடுத்து அமுக்கினால் பொலபொலவென்று உடைந்தது. வைக்கோலுக்கு அடியில் மண்புழு எச்சம் சின்னச் சின்ன குவியலாகக் கிடந்தது. வீட்டில் கிடந்த ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டை இரண்டு இடத்திலும் அடித்து இறக்கி ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். வாய்க்கால் வயலில் டீ குடித்து வருவதற்குள் இறங்கிவிட்டது. இன்னொன்றில் சாப்பிட்டுவிட்டு வந்தும் நின்றது.

நெல்லுக்கு அடியில் கெட்டித் தளம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே நிற்கும்? தாத்தாவின் நாட்டுக் கலப்பையும் அதை உண்டாக்கியதுதான். அது ஆழத்தில் இருந்தது. ஒரே ஆழத்தில் சுற்றுகிற பிளேடு அதை நான்கு விரல் ஆழத்துக்கே மேலே கொண்டுவந்துவிட்டது. ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்று சொன்னவர்கள் இந்த மெஷினைப் பார்த்திருந்தால் பழமொழியை நிறுத்திவைத்திருப்பார்கள். உளிக்கலப்பை போட்டு உடைக்கலாம், நீங்களே சிபாரிசு செய்கிறீர்கள். உடைத்த மறு வருடமே ரோட்டவேட்டர் ஓட்டினால் திரும்ப அதே கதை.

இப்போது மகசூலுக்கு வருகிறேன். கூட்டத்தில் எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். “உழாமல் விட்டால் மகசூல் கூடும்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படி இல்லை. 2015-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 610 ஆய்வுகள், 63 நாடுகள், 48 பயிர்கள், உழுத வயலையும் உழாத வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த 5,463 ஒப்பீடுகள். சராசரியாக உழாத வயலில் மகசூல் 5.7 சதவீதம் குறைந்தது. தாளை வயலிலேயே விட்டு, பயிரையும் மாற்றி வைத்த இடங்களில் அந்தக் குறைவு பாதிக்கும் கீழே, 2.5 சதவீதம் அளவுக்கு வந்தது. மழையை மட்டும் நம்பிய வறண்ட பகுதிகளில் மூன்றையும் சேர்த்துச் செய்தபோது 7.3 சதவீதம் கூடியது.

இதை எங்களிடம் அப்படியே சொன்னால் என்ன? விவசாயிக்குப் புரியாதா? உழவை மட்டும் நிறுத்தி, வைக்கோலையும் விற்றுவிட்டு, மறுபடி நெல்லே வைத்தால் நஷ்டம்தான் என்று இதிலிருந்தே தெரிகிறது. ஈரம் தட்டுப்படுகிற இடத்தில்தான் லாபம் என்றும் தெரிகிறது. அப்படிப் பார்த்தால் இந்த முறை கோவில்பட்டி, அருப்புக்கோட்டை மானாவாரிக்கும், டெல்டாவில் தைக்கு அப்புறம் வருகிற காய்ந்த மாதங்களுக்கும் உரியது. குறுவை நெல்லுக்கு அல்ல.

என் வாய்க்கால் வயலில் முதல் வருடம் உளுந்து மற்ற வயலைவிடக் குறைவாகத்தான் வந்தது. வைக்கோலை ஒழுங்காகப் பரப்பத் தெரியவில்லை, பல இடத்தில் சொட்டை. இரண்டாம் வருடம், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பி மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். மூடாக்கு இருந்த வயல்தான் முதலில் அழுகியது. வைக்கோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஊரில் கேலி. மூன்றாம் வருடம் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் இந்தப் பக்கம் உழவுக் கூலி இல்லை, டீசல் இன்ஜின் ஓட்டவில்லை. மூட்டைக் கணக்கில் சமம், பணக் கணக்கில் வாய்க்கால் வயல் ஒரு படி மேலே. சொல்ல முடிந்தது அவ்வளவுதான். மஞ்சள் தேமல் நோய் இரண்டு வயலிலும் வந்தது. அதற்கு உழவும் தெரியாது, மூடாக்கும் தெரியாது.

வைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் சறுக்குகிற இடம் அது.

ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெற்பயிர் எடுக்கிற சாம்பல் சத்தில் (பொட்டாஷ்) பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் தங்குகிறது. இரண்டு டன்னில் சுமார் 30 கிலோ. கடையில் வாங்குகிற 50 கிலோ சிவப்புப் பொட்டாஷ் மூட்டையில் இருப்பதும் அதே 30 கிலோதான். கட்டு மெஷின்காரர் வயலை விட்டுக் கிளம்பும்போது ஒரு மூட்டை பொட்டாஷையும் ஏற்றிக்கொண்டு போகிறார். வைக்கோலுக்கு அவர் தருகிற பணத்தில் இதைக் கழித்துப் பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை, நான் உட்பட, போன வருடம் வரை.

மண்ணின் கரிமச் சத்துக் கணக்கு இதைவிடப் பொறுமை கேட்கிறது. ஒரு ஏக்கரில் அரை அடி ஆழம் வரை உள்ள மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. கரிமத்தை 0.1 சதவீதம் ஏற்ற வேண்டுமென்றால் 900 கிலோ கரிமம் அதில் தங்க வேண்டும். இரண்டு டன் வைக்கோலில் இருப்பது 800 கிலோ. ஆஹா, ஒரே வருடத்தில் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் வெயிலில் அதில் பெரும்பகுதி மக்கும்போதே காற்றோடு போய்விடும். பத்தில் ஒரு பங்கு தங்கினால் 80 கிலோ. அதாவது ஒரு வைக்கோல் விடாமல் பதினோரு வருடம் போட்டால் 0.1 ஏறலாம், நடுவில் ரோட்டவேட்டர் அதைக் கிளறி எரித்துவிடாமல் இருந்தால்.

பதினோரு வருடம்! எங்கள் தெருவில் பாதிப் பேர் வாய்வழிக் குத்தகைக்காரர்கள். அடுத்த ஆனிக்கு அந்த வயல் கையில் இருக்குமா என்றே அவர்களுக்குத் தெரியாது. யாருடைய மண்ணுக்காக அவர்கள் வைக்கோல் பணத்தை விடுவார்கள்? மாடு வைத்திருக்கிறவரிடம் போய் ‘வைக்கோலை வயலில் விடு’ என்றால் அடிக்க வருவார், அதுவும் நியாயம்தான். பஞ்சாபில் அறுத்த தாளைக் கொளுத்துவது பிரச்சினை; இங்கே ஒரு கட்டு மிச்சமில்லாமல் விற்றுவிடுவதுதான் பிரச்சினை. அங்கேயிருந்து எடுத்த பாடத்தை இங்கே அப்படியே ஒட்ட வைக்க முடியாது.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-லிருந்து வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறீர்கள். 2024-25-ல் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் என்ற திட்டம் வந்தது, பசுந்தாள் உர விதை கொடுத்தீர்கள். நான் வாங்கிய தக்கைப்பூண்டு நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அதே கையால் ரோட்டவேட்டருக்கு 40, 50 சதவீதம் மானியமும் போகிறது. கோடை உழவுக்கும் மானியம். ‘சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பதில் உண்மை இருக்கிறது, கூட்டுப்புழுவும் கோரைக் கிழங்கும் வெயிலில் காயும். அதற்காக எல்லா மண்ணுக்கும் எல்லா வருடமும் உழவுக்குப் பணம் கொடுத்து, அடுத்த பக்கத்தில் மண்ணுயிருக்கும் பணம் ஒதுக்கினால் எந்தக் கணக்குப்பிள்ளையும் கேள்வி கேட்பான். 2020-ல் சட்டம் போட்டு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். புதிய எண்ணெய்க் கிணறு வராது, சந்தோஷம். மேல் மண்ணின் கதி அந்தச் சட்டத்தில் இல்லை.

மண்வள அட்டையும் ஒன்று வைத்திருக்கிறேன். 12 கட்டம்: தழை, மணி, சாம்பல், கந்தகம், நுண்ணூட்டம் ஐந்து, கார அமில நிலை, உப்பு, கரிமம். கரிமம் 0.5-க்குக் கீழே என்றால் ‘குறைவு’ என்று அச்சடித்து வருகிறது, கீழே உர சிபாரிசு. நான் குழி தோண்டிப் பார்த்த எதுவும் அதில் இல்லை. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, எத்தனை விரல் கீழே வேர் முட்டுகிறது. இதற்கெல்லாம் ஆய்வகம் வேண்டாம். ஒரு மண்வெட்டி, ஒரு குழாய்த் துண்டு, ஒரு செல்போன் கடிகாரம் போதும். எங்கள் பக்கம் மண் மாதிரி எடுக்க வந்த பையன் வரப்பை விட்டு இறங்கவே இல்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரு நாளைக்கு எத்தனை வயல் என்று அவனுக்கும் கணக்கு இருந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. தை, மாசி இரண்டு மாதம் அரசு வாடகை மையங்களில் பெல்ட் வண்டிகளைக் கூடுதலாக நிறுத்துங்கள். அவற்றின் பின்னால் வைக்கோலை நறுக்கிச் சிதறவிடுகிற கருவியை மாட்டுங்கள். பஞ்சாபில் சூப்பர் எஸ்எம்எஸ் என்று அதைச் சொல்கிறார்கள். வைக்கோல் சீராகப் பரவினால்தான் ஹேப்பி சீடர் என்கிற, உழாமலே விதைக்கும் கருவி கோதுமையை விதைக்கும் என்பதற்காக அங்கே வந்தது, இங்கே உளுந்து முளைக்க உதவும். ஓட்டுநருக்கு மணிக்கணக்கில் கூலி இருக்கும்வரை அவர் வயலெல்லாம் குறுக்கும் நெடுக்கும் ஓடத்தான் செய்வார்; நெல் ஏற்றும் ட்ராக்டரையாவது வரப்போரம் ஒரே தடத்தில் ஓடவைக்க, வாடகை ரசீதிலேயே ஒரு நிபந்தனை போடலாம். தாளை ஒரு சாண் உயரத்துக்கு விட்டு, பாதி வைக்கோலை வயலில் விடுகிறவருக்கு அந்தப் பொட்டாஷ் மூட்டையின் விலையைக் கொடுங்கள், பட்டா யார் பேரில் இருந்தாலும் பயிர் செய்கிறவர் கையில். மாட்டுக்கு மீதிப் பாதி. 2025-26-க்கு உளுந்து ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று இருந்தது. ஆதரவு விலைக்குச் சித்திரையிலேயே எங்கள் ஊர்ப் பக்கம் எடைத்தராசு வந்துவிட்டால், பருத்திக்கு ரோட்டவேட்டர் ஓட்டப் போகிறவர்களில் சிலராவது யோசிப்பார்கள். அப்புறம், கூட்டங்களில் முதல் இரண்டு வருடம் மகசூல் குறையலாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் இரண்டாம் வருடமே விட்டுவிடுவார்கள், பிறகு யார் வந்து சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவும் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். வருகிற தையில், பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து வாருங்கள். அப்போதுதான் எங்கள் பக்கம் உளுந்து தெளிப்பு, பின்னாலேயே வண்டிகளும் வரும். வாய்க்கால் வயலிலும் அடுத்த வயலிலும் குழி தோண்டி வைக்கிறேன். குழாய்த் துண்டு என்னிடம் இருக்கிறது, கடிகாரத்தை நீங்கள் பிடியுங்கள். செருப்பு மட்டும் வரப்பில் விட்டுவிட்டு இறங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மன்னார்குடிக்குத் தெற்கே 12 மா விவசாயி